வாலப்பலம்

வெற்றிவேல் அந்த வெள்ளைச் சட்டையைக் காலையிலிருந்து மூன்று முறை மாட்டிப் பார்த்து, மூன்று முறையும் கழற்றி ஆணியில் தொங்கவிட்டுவிட்டார். திறப்பு விழா சாயங்காலம் நாலு மணிக்கு. மணி இன்னும் ஏழுகூட ஆகவில்லை.

போன வாரம் எங்கே விட்டோம் என்று பழைய இதழைத் தேட வேண்டாம், நானே சொல்லிவிடுகிறேன். செஞ்சி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே தள்ளுவண்டியில் வாழைப்பழம் விற்கிறவர் நம் வெற்றிவேல். திண்டிவனம் ரோட்டில் செல்போன் கடை திறக்கப்போகும் ரஞ்சித் என்கிற இளைஞன் அவரைத் தேடி வந்து, ‘நீங்கதாண்ணா சீஃப் கெஸ்ட்’ என்று சொல்லிவிட்டுப் போனான். சொந்தக்காரர் கல்யாணப் பத்திரிகையில்கூடப் பெயர் ஒழுங்காக அச்சாகாத மனிதர். அன்றைக்கு வண்டியைத் தள்ளிக்கொண்டு வீடு வந்து சேரும் வரை, தெரிந்தவர் தெரியாதவர் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டே வந்தார்.

இந்தப் பெருமைக்குக் காரணம் மகள் வளர்மதி. பதினொன்றாம் வகுப்பு படிக்கிறாள். நைனாவை வண்டிக்குப் பக்கத்தில் நிற்கவைத்து, ‘இது இன்னா பழம் நைனா?’ என்று கேட்டு, அவர் சொல்லும் பதிலை அரை நிமிட வீடியோவாக எடுத்துப் போடுவாள். உன் வியாபாரத்துக்கு விளம்பரம் என்று சொன்னாள். அவர் நம்பினார். அம்மா ஜெயசுதாவும் நம்பினாள். பெற்ற பெண்ணை நம்பாமல் வேறு யாரை நம்புவது.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். வெற்றிவேலுக்கு ‘ழ’ வராது, ‘ள’வும் வராது. ஜெயசுதாவுக்கும் வராது. செஞ்சியில் முக்கால்வாசிப் பேருக்கு வராது. இங்கே பழம் என்றால் பலம், மழை என்றால் மலை. கோட்டை இருக்கும் ராஜகிரி மலையைக் காட்டி, அது மேலே நல்ல மலை பெய்யுது என்று யாராவது சொன்னால், அதில் எது பெய்தது, எது நனைந்தது என்று இதுவரை ஒருவருக்கும் குழப்பம் வந்ததில்லை.

“இன்னா சுதா, மேல் பட்டன் போடணுமா, வேணாமா?”

“மூச்சு முட்டும். வுட்டுடுங்க.”

“மாலை போடுவாங்களே. எப்டியும் மறைச்சுடும்ல.”

வளர்மதி போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்தாள். பள்ளிக்கூடத்துக்கு வயிற்று வலி என்று சொல்லி லீவு போட்டிருந்தாள். அந்த வயிற்று வலிக்கு உதட்டுச் சாயம் பூசியிருந்தாள்.

“நைனா, கொஞ்சம் தழ்ளி நில்லு. வெழ்ளைச் சட்டைல லைட் பட மாட்டேங்குது.”

ஜெயசுதா அடுப்பிலிருந்து திரும்பிப் பார்த்தாள். நாலைந்து மாதமாகவே இவள் பேச்சு ஒரு மாதிரியாகத்தான் இருக்கிறது. நாக்கை மேலே மடித்து மடித்துப் பேசுகிறாள்.

“பல்லு வலியாடி உனக்கு?”

“இல்லம்மா. நா கரெக்டாதான் பேசறேன். உங்களுக்குத்தான் எதுவும் வராது.”

வெற்றிவேல் சிரித்தார். அவருக்கு மகள் எது சொன்னாலும் சிரிப்புதான்.

ஒன்பதரை மணிக்கு ஜெயசுதா அங்கன்வாடியில் இருந்தாள். அவள் அங்கே டீச்சர். இருபத்திரண்டு குழந்தைகள். சுவரில் பழங்களின் படம் ஒட்டிய அட்டை ஒன்று தொங்கும். குச்சியை மாம்பழத்தில் வைத்தாள், குழந்தைகள் சொன்னார்கள். கொய்யாவில் வைத்தாள், சொன்னார்கள். வாழைப்பழத்தில் வைத்தாள்.

நாலு வயது ஜோயா எழுந்து நின்றாள். இடுப்பில் கை வைத்துக்கொண்டாள். தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, “ஏலக்கி வாலப்பலம் தம்பி” என்றாள். பிறகு வாயைக் கோணலாகத் திறந்து கழுதை கத்துவதுபோலக் கத்தினாள். இன்னும் ஐந்தாறு குழந்தைகள் கூடவே கத்தின. ஒன்றோடொன்று பிசகாமல், பழகின கூட்டம்போல.

அந்தத் தலைச் சாய்ப்பு ஜெயசுதாவுக்குத் தெரியும். பதினெட்டு வருஷமாகத் தெரியும்.

“யாரும்மா சொல்லிக் குடுத்தது?”

“அம்மா போன்ல. கழுத மாமா.”

பன்னிரண்டு மணிக்கு ஜோயாவைக் கூட்டிப்போக வந்தாள் அவள் அம்மா அசீசுன்னிசா. கேட்டதும் முகம் சுண்டிப்போனது. முதலில் ஒன்றுமில்லை டீச்சர் என்றாள். பிறகு, “நீங்க பாத்துருப்பீங்கனு நெனச்சேன் டீச்சர். ஊரே பாத்தாச்சு” என்றபடி போனை எடுத்துக் கொடுத்தாள்.

ஜெயசுதாவிடம் இருக்கும் போன் அங்கன்வாடியில் கொடுத்தது. குழந்தைகளின் எடையும் உயரமும் பதிவதற்கு. அதில் வேறு எதையும் ஏற்ற அவளுக்குப் பயம். வெற்றிவேலிடம் இருப்பது பட்டன் போன். மகள் எடுக்கும் வீடியோவை மகளே வீட்டில் காட்டுவாள். நைனா சிரித்த முகமாக நிற்பார், பழத்தின் பெயரைச் சொல்வார், கீழே ‘செஞ்சி வெற்றிவேல் பழ வண்டி’ என்று எழுத்து ஓடும். பார்த்துவிட்டு அவர் இன்னொரு தடவை போடச் சொல்வார்.

இதில் அந்த எழுத்து இல்லை. ‘என் நைனாவும் ழ-வும், பாகம் முப்பத்தொன்று’ என்று இருந்தது. அவர் வாலப்பலம் என்று சொல்லும் இடத்தில் அவர் முகம் பெரிதாகி, மூக்கு நீண்டு, காது முளைத்தது. கழுதை கத்தியது. பிறகு வளர்மதி வந்தாள். முகம் மாவு பூசினதுபோல் வெளுத்திருந்தது. வாயைப் பொத்திச் சிரித்துவிட்டு, “வாழைப்பழம், நைனா” என்று அழுத்தந்திருத்தமாகச் சொன்னாள். மேலே பெயர் ‘ரியா’ என்று இருந்தது.

வீட்டுக்கு ஒன்று, ஊருக்கு ஒன்று. முப்பத்தொரு முறை.

“நாலு லட்சம் பேரு பாத்துருக்காங்க டீச்சர், இத மட்டும்” என்றாள் அசீசுன்னிசா, ஆறுதல் சொல்வதாக நினைத்துக்கொண்டு.

சாப்பாட்டு வேளையில் ஜெயசுதா வீட்டுக்கு வந்தாள். வளர்மதி சாயங்காலத்துக்கான துணியைக் கட்டிலில் பரப்பி, கண்ணாடியைப் பார்க்காமல் போனில் தன்னைப் பார்த்துத் தலை வாரிக்கொண்டிருந்தாள்.

“அந்த வீடியோ ஆப்பத் தொற.”

“எதும்மா?”

“ரியா.”

சீப்பு நின்றது. நான் இந்தப் பெண்ணை முதல் அத்தியாயத்திலிருந்து பார்த்து வருகிறேன். பொய் சொல்ல அவளுக்கு அரை நிமிடம் போதும். அன்றைக்கு அந்த அரை நிமிடத்தை அம்மா கொடுக்கவில்லை. போனைக் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டாள்.

வீடியோக்களுக்குக் கீழே ஆட்கள் எழுதியிருந்தார்கள். ஜெயசுதா அங்கன்வாடிக் குரலில், எழுத்துக் கூட்டுவதுபோல ஒவ்வொன்றாக வாய்விட்டுப் படித்தாள். ‘இந்த ஆளுக்கு ரேஷன் கார்டு யார் குடுத்தது.’ ‘கழுதைக்கு எதுக்கு வாழைப்பழம்.’ ‘நாக்கை அறுத்துப் போடு, எடை குறையும்.’ அதற்குக் கீழே வேறு மாதிரி ஆட்கள் வந்தார்கள். பதினாறு வயதுப் பெண்ணையும் பழத்தையும் சேர்த்து எழுதியிருந்தார்கள். அதில் ஒருவர் தன் படத்தில் இரண்டு பேரப்பிள்ளைகளை மடியில் வைத்திருந்தார். அவர்கள் எழுதியதை நான் இங்கே எழுதமாட்டேன். இந்தப் பத்திரிகையை வீட்டில் எல்லோரும் படிக்கிறீர்கள்.

ஜெயசுதாவும் அங்கே வாசிப்பதை நிறுத்திவிட்டாள்.

“இத்த நீ படிச்சியா?”

“அதெல்லாம் நா பாக்கவே மாட்டேன்மா.”

“அப்பறம் எப்டிடி எல்லாத்துக்கும் சிரிக்கிற பொம்ம போட்டு வச்சிருக்க?”

ஜெயசுதா போனைக் கட்டிலில் வைத்துவிட்டுப் போய்க் கை கழுவினாள். சோப்பு போட்டு, முழங்கை வரை கழுவினாள். அப்படியும் ஏதோ ஒட்டிக்கொண்டிருப்பதுபோல் இருந்தது. மகளைப் பார்த்து அருவருப்பு வரும் என்று எந்தத் தாயும் எதிர்பார்த்திருக்கமாட்டாள். வந்தது.

“நைனாடி அது.”

“தெரியும்.”

“தெரிஞ்சேவா?”

வளர்மதி திரும்பி உட்கார்ந்தாள். இனி மறைக்க ஒன்றும் இல்லை என்றானதும் குரல் மாறியது.

“போன வருசம் கோட்ட மேல நின்னு நா ஒரு வீடியோ போட்டேன். ஞாபகம் இருக்குதா? வாழ்க்கைல உயரம் முக்கியம்னு பேசினேன். நா வால்க்கைனு சொல்லிருக்கேன்மா. எனக்கே தெரியல. எல்லாரும் சொல்றப்பதான் எனக்குத் தெரிஞ்சுது. ஆறு மாசம் ஸ்கூல்ல என் பேரு வால். பேப்பர வாலு மாதிரி வெட்டி என் பின்னாடி ஒட்டுவாங்க. ஒருத்தன் கமெண்ட்ல எழுதினான், மூஞ்சி பரவால்ல, வாயத் தொறக்காதனு. அதுக்கு எண்ணூறு லைக்.”

“எங்கிட்ட ஏன் சொல்லல?”

“சொன்னா நீ இன்னா சொல்லுவ? அலுவாதனு சொல்லுவ.” அம்மா மாதிரியே சொல்லிக் காட்டினாள். “அலுவாத. அதுவும் தப்பு. எனக்கு இந்த நாக்கு உங்க ரெண்டு பேருகிட்டருந்துதான வந்துச்சு. பாத்ரூம்ல பென்சில நாக்குக்கு அடில வச்சு வச்சுப் பழகினேன். புண்ணாயிடுச்சு. அப்புறம் ஒரு நாள் சும்மா நைனாவ எடுத்துப் போட்டேன். அன்னிக்கே எல்லாம் நின்னு போச்சு. ஒருத்தரும் என்ன வால்னு கூப்புடல. ரியானு கூப்புட்டாங்க.”

“நைனாவக் குடுத்துட்டு உன்ன மீட்டுனு வந்துட்ட.”

“அவருக்குத் தெரியாதும்மா. அவரு சந்தோசமாத்தான் இருக்காரு.”

இதைச் சொன்னபோது அவள் முகத்தில் ஒரு கள்ளமும் இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

ரொம்ப நேரம் பேசினார்கள். கடைசியில் வளர்மதி சத்தியம் செய்தாள். மேடையில் கழுதை கிழுதை எதுவும் வராது. நைனா ரிப்பன் வெட்டுவார், இரண்டு வார்த்தை பேசுவார், அவள் மைக் பிடித்து வந்தவர்களை வரவேற்பாள், அவ்வளவுதான். ராத்திரிக்குள் முப்பத்தொன்றையும் அழித்துவிடுவாள். அம்மா தலையில் கை வைத்துச் சொன்னாள்.

சத்தியம் செய்த கையால் முந்தாநாளே அந்தக் கழுதைச் சத்தத்தை ரஞ்சித்துக்கு அனுப்பியிருந்தாள். அதை அம்மாவிடம் சொல்லவில்லை.

ஜெயசுதாவுக்கு மனசு கேட்கவில்லை. விழாவே வேண்டாம் என்று சொல்லிவிடலாம் என்று பஸ் ஸ்டாண்டுக்குப் போனாள். வெள்ளிக்கிழமை. ஆட்டுச் சந்தைக்கு வந்த கூட்டம் அவலூர்பேட்டை பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தது. வெற்றிவேல் தலைக்கு மை அடித்து முடித்திருந்தார். காதோரம் கொஞ்சம் வழிந்திருந்தது.

கல்லூரிப் பையன்கள் இரண்டு பேர் வண்டியருகே வந்தார்கள். ஒருவன் கையில் போன் தயாராக இருந்தது.

“அண்ணா, இது இன்னா பழம்ணா?”

“ஏலக்கி வாலப்பலம் தம்பி. ஒண்ணு துன்னு பாரு, அப்பறம் வாங்கு.”

இருவரும் தோளில் தட்டிக்கொண்டு சிரித்தபடி போய்விட்டார்கள். பழத்தைத் தொடக்கூட இல்லை.

“நல்ல பசங்க” என்றார் வெற்றிவேல். “தெனம் யாராச்சும் வந்து கேக்குறாங்க சுதா. வாங்கறது கம்மிதான். ஆனா வந்து கேக்குறாங்க, பாரு.”

ஜெயசுதா அவர் காதோரத்தை முந்தானையால் துடைத்தாள்.

“நாம அந்த விசேசத்துக்குப் போவ வேணாங்க.”

“ஏன், ஒடம்பு சரியில்லயா உனக்கு?”

“இல்ல. எனக்கு இன்னாவோ புடிக்கல.”

“அட, நா போவலனா பாப்பாவுக்கு அசிங்கமாயிடும் சுதா. மைக்கப் புடிச்சு மேடைல பேசப் போவுது. எனக்கு எட்டாங் கிலாஸ்ல வாத்தியாரு வாசிக்கச் சொன்னப்ப கால் நடுங்கி ஒக்காந்துட்டேன். அதுக்கு அந்த பயம் இல்ல பாரு.”

அங்கேதான் அவள் தப்பு செய்தாள். அந்த இடத்திலேயே வண்டியைக் குறுக்கே போட்டுச் சொல்லியிருக்க வேண்டும். மை வழிந்த காதைப் பார்த்துக்கொண்டு அவளால் சொல்ல முடியவில்லை. எனக்கும் அவள்மேல் கோபம் இருக்கிறது, ஆனால் நீங்களும் நானும் அந்த வெயிலில் நின்றிருந்தால் சொல்லியிருப்போமா என்று தெரியவில்லை.

வண்டிக்கு அடியில் மாட்டுக்கென்று எடுத்து வைக்கும் கூடை காலியாக இருந்தது. கறுத்து அழுகின பழங்களை அதில்தான் போடுவார்.

“கூடை எப்டிங்க காலியாச்சு?”

“காலைல ரெண்டு பசங்க வந்து அலுகுனது இருந்தா குடுங்கண்ணானு கேட்டாங்க. மாட்டுக்குப் போலருக்குதுனு சும்மாவே குடுத்துட்டேன்.”

நாலு மணிக்குத் திண்டிவனம் ரோட்டில் செண்டை மேளம் அடித்துக்கொண்டிருந்தது. கடை வாசலில் பலூன் வளைவு, சின்ன மேடை, ஆளுயர ஸ்பீக்கர் இரண்டு. முன்னால் நூறு பேருக்குக் குறையாது. எல்லோர் கையிலும் போன் நிமிர்ந்து நின்றது. ஜெயசுதா ஓரமாக, ஜூஸ் கடைத் தட்டிக்குப் பக்கத்தில் நின்றாள்.

வெற்றிவேல் கை கூப்பிக்கொண்டே மேடை ஏறினார். மேல் பட்டன் போட்டிருந்தார். ரிப்பன் வெட்டினார். அதுவரை ஒரு குறையும் இல்லை.

“அண்ணாவுக்கு மாலை” என்றான் ரஞ்சித்.

நாலு பையன்கள் தூக்கி வந்தார்கள். பூமாலை இல்லை. கயிற்றில் கோர்த்த வாழைப்பழம். கறுத்து, தோல் வெடித்து, ஈ மொய்க்கும் பழம். காலையில் மாட்டுக்கு என்று அவர் சும்மா கொடுத்த அதே பழம். கழுத்தில் விழுந்ததும் இரண்டு மூன்று நசுங்கி, சட்டையில் பழுப்பாக வழிந்து இறங்கியது. வெற்றிவேல் குனிந்து பார்த்தார். தன் பழத்தை அவருக்கு அடையாளம் தெரியாதா. ஆனாலும் சிரித்தார். விருந்துக்குப் போன இடத்தில் இலையில் என்ன விழுந்தாலும் முகம் சுளிக்காத ஆள் அவர்.

“அண்ணா, இது இன்னாண்ணா?” ரஞ்சித் மைக்கை நீட்டினான்.

“வாலப்பலம் தம்பி.”

இரண்டு ஸ்பீக்கரிலும் கழுதை கத்தியது.

வெற்றிவேல் திடுக்கிட்டுத் திரும்பினார். சந்தை நாள். அவிழ்த்துக்கொண்ட மாடும் கழுதையும் கடைக்குள் நுழைவது செஞ்சியில் புதிதல்ல. மேடைக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். கீழே குனிந்தும் பார்த்தார். பிறகு மைக்கில், நல்ல எண்ணத்தோடு, கடைக்காரப் பையனை எச்சரித்தார்.

“தம்பி, கலுதை பூந்துடுச்சு போலருக்குது. கண்ணாடிலாம் பாத்துக்க.”

கூட்டம் வெடித்தது. கலுதை, கலுதை என்று கத்தினார்கள். மறுபடி ஸ்பீக்கர் கத்தியது. சிரித்தவர்களில் பாதிப் பேருக்கு அந்த எழுத்து வராது. வீட்டுக்குப் போய்ப் பெண்டாட்டியிடம் இதைச் சொல்லும்போது அவர்களும் கலுதை என்றுதான் சொல்லியிருப்பார்கள். தன் ஊர் நாக்கைத் தானே காறித் துப்பிவிட்டுச் சிரிக்கிற சிரிப்பு அது. அந்த முகங்களைப் பார்க்க எனக்கு அருவருப்பாக இருந்தது. ஜெயசுதா கூட்டத்தை இடித்துக்கொண்டு முன்னால் வந்தாள்.

வெற்றிவேல் மகளைப் பார்த்தார். மேடையின் ஓரத்தில் அவள் போனை உயர்த்திப் பிடித்திருந்தாள். சிரித்துக்கொண்டிருந்தாள். கழுதை எங்கே என்று அவர் தேடுவதை நிறுத்தினார்.

“இப்ப நம்ம ரியா சொல்லுவாங்க” என்றான் ரஞ்சித். “ஏழைக் கிழவன் வாழைப்பழத் தோல் வழுக்கி விழுந்தான். எங்க, ஒரே மூச்சுல.”

வளர்மதி மைக்கை வாங்கினாள். ஒரே மூச்சில் சொன்னாள். ஒரு எழுத்து பிசகவில்லை. கூட்டம் விசிலடித்தது. அவள் கண் பளபளத்தது. பாவம், பதினாறு வயது. பென்சில் வைத்துப் புண்ணாக்கிய நாக்குக்கு அந்த ஒரு நிமிடம் கூலியாகக் கிடைத்தது.

“சூப்பர். சரி, ரியான்றது மேடைப் பேரு. வீட்ல வச்ச பேரு இன்னா, அதையும் சொல்லிடுங்க.”

அவள் நிமிர்ந்து நின்றாள். நாக்கை மடித்தாள்.

“வழர்மதி.”

ஒரு கணம் யாருக்கும் புரியவில்லை. பிறகு முன்வரிசையில் ஒருவன், “அடிப்பாவி, அது பள்ளி ‘ள’டி” என்றான். ரஞ்சித் ஸ்பீக்கர் பக்கம் விரலைக் காட்டினான்.

கழுதை கத்தியது.

அவள் தன் பெயரை மறுபடி சொல்லிப் பார்த்தாள். மறுபடியும் அதே ‘ழ’. அந்த எழுத்தை எங்கே போட வேண்டும், எங்கே போடக் கூடாது என்பது அவள் நாக்குக்கு மறந்துபோயிருந்தது. மறுபடி கழுதை. நூறு போனும் நைனாவை விட்டு அவள் பக்கம் திரும்பின. அந்தச் சிரிப்பு அவளுக்குப் பழக்கமான சிரிப்புதான். இவ்வளவு நாள் மற்ற பக்கத்திலிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

வெற்றிவேல் மாலையைக் கழற்றினார். வீசவில்லை. மேஜையில் வைத்தார், வண்டியில் பழச் சீப்பு வைக்கிற மாதிரி பதமாக வைத்தார். மகள் கையிலிருந்த மைக்கை வாங்கினார்.

“எம் பொண்ணு பேரு வலர்மதி.”

கூட்டம் இன்னும் சிரித்தது. அப்பா ‘ல’ என்கிறார், மகள் ‘ழ’ என்கிறாள். நடுவில் இருந்த எழுத்து இரண்டு பேருக்கும் அகப்படவில்லை.

“வா பாப்பா. வூட்டுக்குப் போலாம்” என்றார். மைக்கை அணைக்கத் தெரியாமல் ரஞ்சித்திடம் கொடுத்துவிட்டு இறங்கினார்.

வீட்டுக்கு மூன்று பேரும் நடந்தே வந்தார்கள். வழியில் கூழ்க் கடையில் நின்றிருந்த ஒருவர், “இன்னா வெற்றிவேலு, சீஃப் கெஸ்ட்டு முடிஞ்சுதா?” என்று கேட்டார். முடிஞ்சுது என்று இவர் சொன்னார். வளர்மதி உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

பின்பக்கம் ஜெயசுதா சட்டையை ஊறவைத்துத் தேய்த்தாள். மாவுபோல இருந்த பழம் போனது, பழுப்புக் கறை போகவில்லை. வெற்றிவேல் குழாயடியில் மெதுவாகக் கால் கழுவிக்கொண்டிருந்தார்.

“உனக்கு முன்னாடியே தெரியுமா சுதா?”

அவள் தேய்ப்பதை நிறுத்தவில்லை. “இன்னிக்கிதான் தெரியும்.”

“வண்டிகிட்ட வந்தியே, அப்ப?”

“அப்ப தெரியும். சொல்ல வாய் வரல.”

அவர் அடுத்த காலைக் குழாய்க்கு அடியில் நீட்டினார். தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது.

ஜெயசுதா கை துடைத்துக்கொண்டு மகளுக்கு டீ எடுத்துப் போனாள். பொழுது சாயும் நேரம், விளக்குப் போடவில்லை. போன் வெளிச்சத்தில் வளர்மதியின் முகம் வீங்கியிருந்தது. கண்ணிலிருந்து தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. விரல்கள் தம் பாட்டுக்கு வேலை செய்துகொண்டிருந்தன.

திரையில் அவளேதான் நின்றாள். நிமிர்ந்து, நாக்கை மடித்து, தன் பெயரைச் சொன்னாள். கழுதை கத்தியது. கொஞ்சம் தள்ளிக் கத்திவிட்டது. அவள் விரலால் அந்தச் சத்தத்தை முடியளவு முன்னுக்கு இழுத்து, பெயருக்கு நேராக வைத்தாள். மூக்கு நீண்டது, காது முளைத்தது.

“இன்னாடி பண்ற?”

“ரஞ்சித் போடறதுக்கு முன்னாடி நா போட்டுடணும்மா. அவன் போட்டா பாக்கறவங்க எல்லாம் அவன் பேஜுக்குப் போயிடுவாங்க.”

“அது நீதானடி.”

“தெரியும்.” முழங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். “நானே போட்டா நானும் சேந்து சிரிச்சேன்னு ஆயிடும்ல.”

ஜெயசுதா அப்படியே நின்றாள். முப்பத்தொன்றை அழிக்கிறேன் என்று தலையில் கை வைத்த பெண், முப்பத்திரண்டாவதைச் செய்துகொண்டிருக்கிறாள். அந்தப் போனைப் பிடுங்கிச் சுவரில் அடிக்க வேண்டும் என்று தோன்றியது. இந்தக் குழந்தையை மடியில் போட்டுக்கொள்ள வேண்டும் என்றும் தோன்றியது. இரண்டையும் செய்யாமல் டீயைக் கட்டிலோரம் வைத்துவிட்டு, கையை முந்தானையில் துடைத்தாள்.

சரியாக விழுந்ததா என்று பார்க்க வளர்மதி சத்தத்தைக் கூட்டி இன்னொரு முறை ஓட்டினாள். கழுதை கத்தியது, வீடு முழுக்கக் கேட்டது.

குழாயடியில் தண்ணீர் விழும் சத்தம் நின்றது.

“சுதா” என்று வெளியிலிருந்து கூப்பிட்டார் வெற்றிவேல். குரலில் கோபம் இல்லை. “அது யாருது? என்னுதா, பாப்பாவுதா?”